எதிர்வெளிச்சத்தில் ஒரு முகம்: ஐந்து வழிகளில் எது உங்களுக்கு?

"ஜன்னலுக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தால் முகம் கறுத்துப் போகிறது. முகத்தைச் சரிசெய்தால் வெளியே இருப்பதெல்லாம் வெள்ளைத்தாள் மாதிரி ஆகிவிடுகிறது. ரிஃப்ளெக்டர் வாங்கட்டுமா, ஃப்ளாஷ் வாங்கட்டுமா?"

படம் எடுக்கப் பழகுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும்: முகம், பின்னணி, இந்த இரண்டில் எதை இழக்க உங்களுக்கு மனம் ஒப்பும்? அதைத் தீர்மானிக்காமல் என்ன வாங்கினாலும் அது அலமாரியில்தான் கிடக்கும்.

நம் கண் முகத்தைப் பார்க்கும்போது முகத்துக்கும், வானத்தைப் பார்க்கும்போது வானத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொண்டே போகிறது. அதனால் நேரில் இரண்டும் நன்றாகத் தெரிகின்றன. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு சொடுக்கில் ஒரே அளவு வெளிச்சம்தான். வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டரோ, எதிரில் இருப்பதையெல்லாம் சேர்த்துக் கலக்கினால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்ற கணக்கில் வேலை செய்கிறது. படத்தில் பாதிக்கு மேல் பளபளக்கும் வானம் இருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் குறைத்துவிடுகிறது. அந்தக் குறைப்பு முழுவதும் முகத்தின் தலையில்தான் விடிகிறது.

## முதலில் பார்க்கவேண்டியவை

எல்லாவற்றுக்கும் முந்தியது, முகத்துக்கும் பின்னணிக்கும் நடுவே உள்ள இடைவெளி. கேமராவை ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து முகத்தை ஒருமுறையும் வானத்தை ஒருமுறையும் அளந்து பாருங்கள். ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்), துளை (லென்ஸில் ஒளி நுழையும் வாய்) இரண்டையும் மாற்றாமல், ஷட்டர் வேகம் முகத்துக்கு 1/60 நொடி, வானத்துக்கு 1/500 நொடி என்று வந்தால் இடைவெளி 3 ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு என்பதால், வானம் முகத்தைவிட 8 மடங்கு பிரகாசம். 5 ஸ்டாப் என்றால் 32 மடங்கு. நடுச்சாம்பலாக வைத்த இடத்துக்கு மேலே பெரும்பாலான கேமராக்களில் ஏறக்குறைய 3 ஸ்டாப்தான் இடம் இருக்கும். அதைத் தாண்டியது வெறும் வெள்ளை. ஆகவே 2 ஸ்டாப் இடைவெளிக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. 3, 4 என்றால் கொஞ்சம் உதவி வேண்டும். 5-ஐத் தாண்டினால் எதையாவது விட்டுக்கொடுக்கவேண்டும், அல்லது வெளிச்சத்தை நீங்களே கொண்டுவரவேண்டும்.

அடுத்தது பின்னணி. அது படத்துக்கு ஏதாவது சொல்கிறதா, இல்லை சும்மா இருக்கிறதா? பின்னால் மலையும் மேகமும் இருப்பது வேறு, பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைச் சுவர் இருப்பது வேறு.

எதிரில் இருப்பவர் ஓரிடத்தில் நிற்பாரா, உங்களிடமிருந்து எவ்வளவு தூரம், கூட ஒரு கை உதவிக்கு இருக்கிறதா என்பவை அப்புறம். வீட்டுக்குப் போனபிறகு இந்தப் படங்களோடு எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். அதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

## வழி 1: முகத்துக்கு வெளிச்சம் வைத்து, பின்னணியை விட்டுவிடுவது

செலவே இல்லாத வழி. முகத்தை ஸ்பாட் மீட்டரிங்கில் அளந்து எடுக்கலாம். அல்லது சாதாரண மீட்டரிங்கில் +1 முதல் +2 வரை எக்ஸ்போஷரை (படம் வாங்கும் வெளிச்சத்தின் அளவை) கூட்டலாம். பெரும்பாலான போன்களில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் அளவு பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஸ்பாட் மீட்டர் எந்தத் தோலைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த தோலை அளந்து அப்படியே எடுத்தால் அந்த முகம் இயல்பைவிட வெளுத்து, தோலின் செழுமையெல்லாம் போய்விடும். அரை முதல் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். ஒருவரை அவர் நிறத்திலேயே காட்டுவது படம் எடுப்பவரின் பொறுப்பு. அதை மீட்டரிடம் விட்டுவிடக்கூடாது.

மறைந்திருக்கும் செலவுகள் லென்ஸில் இருக்கின்றன. நேரே வரும் வெளிச்சம் உள்ளே சிதறி, படம் முழுக்க ஒரு வெண்புகை படர்ந்தது போல் ஆகும். லென்ஸின் முன்கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தால் போதும், மற்ற நேரங்களில் கண்ணுக்கே தெரியாதது இப்போது படத்தின் பாதியை மங்கச் செய்யும். லென்ஸைத் துடையுங்கள், ஹூட் (லென்ஸுக்கு நிழல் தரும் வளையம்) மாட்டுங்கள், முன்னால் மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஹூட் போதாவிட்டால் படத்துக்குள் வராமல் கையைக் குடை பிடிக்கலாம். ஆட்டோ ஃபோகஸும் இங்கே தடுமாறும். முன்னும் பின்னுமாகத் தேடிக்கொண்டே இருக்கும். அப்போது தலைமுடிக்கும் வானத்துக்கும் நடுவிலுள்ள விளிம்பில் ஃபோகஸ் செய்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அச்சிடுவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. வெள்ளையாகிப்போன வானம் தாளின் வெள்ளையோடு கலந்து, படம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும்.

பின்னணியில் ஒன்றும் இல்லாதபோதும், குழந்தைகளைத் துரத்தித் துரத்தி எடுக்கும்போதும் இதுவே போதும். முடியைச் சுற்றிப் பொன்னிறக் கோடு, நடுவில் மென்மையான முகம், பின்னால் கரைந்துபோன வெளிச்சம். பலர் காசு கொடுத்துத் தேடும் அழகு இது.

## வழி 2: சில்லவுட்

இது நேரெதிர். வானத்தை அளந்து பூட்டிவிட்டு ஆளைக் கறுப்பாகவே விடுவது. 1759-இல் பிரான்சின் நிதிப் பொறுப்பில் இருந்த எத்தியென் த சில்லவுட் சிக்கனத்துக்குப் பேர்போனவர். மலிவாகச் செய்யும் எதற்கும் அவர் பெயரைச் சொல்வது வழக்கமானது என்பார்கள். ஓவியம் தீட்டச் செலவழிக்க முடியாதவர்கள் கறுப்புத் தாளில் வெட்டிக்கொண்ட பக்கவாட்டு உருவங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் எதிர்வெளிச்சத்துக்கு இதைவிடச் சிக்கனமான பதில் கிடையாது.

ஆனால் கறுப்பாக எடுத்ததெல்லாம் சில்லவுட் ஆகிவிடாது. ஆளை அடையாளம் காட்ட வடிவம் மட்டும்தான் இருக்கிறது என்பதால், அந்த வடிவம் பேசவேண்டும். நேராகப் பார்க்கும் முகம் வெறும் வட்டமாகிவிடும். பக்கவாட்டில் திரும்பினால் மூக்கும் உதடும் தாடையும் தெரியும். கை உடம்போடு ஒட்டியிருந்தால் ஆள் தூண் மாதிரி தெரிவார். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு விரற்கடை வானம் தெரியட்டும். கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் ஆள் முழுவதுமாக வானத்துக்கு முன்னால் வருவார், தொடுவானம் கழுத்தை வெட்டாது.

இதன் விலை, திரும்பிப் போக முடியாது என்பது. முழுக் கறுப்பாக விட்ட முகத்தில் பிறகு எதையும் மீட்டெடுக்க முடியாது. படத்தில் இருப்பவர் தன் முகத்தைத் தேடுவார், அது இருக்காது. "இது நான்தானா?" என்று கேட்கிறவருக்கு இந்தப் படம் மனக்குறைதான். முகம் தெரியக்கூடாது என்ற தேவை இருக்கும் இடத்திலோ இதைவிட நல்ல வழி இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஸ்எல்ஆர் கேமராவின் கண்ணாடி வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் மாட்டியிருந்தால் பல மடங்கு ஆபத்து. சூரியனை ஆளின் தலைக்குப் பின்னால் மறைத்துவிட்டு, திரையைப் பார்த்து எடுங்கள்.

## வழி 3: ரிஃப்ளெக்டர்

என் விருப்பம் இதுதான், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் காலை பாட்டி ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த வெயிலில் வெள்ளை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தது. நூலின் பிசிறுகூடத் தெரிந்தது. முகம் மட்டும் இருட்டு. எக்ஸ்போஷரைக் கூட்டிப் பார்த்தேன், முகம் வந்தது; முடியின் ஒளி, ஜன்னல் கம்பி, நூல் எல்லாம் வெள்ளையில் கரைந்துவிட்டன. பக்கத்தில் மடித்துவைத்திருந்த வெள்ளைப் போர்வையை எடுத்து அவர் மடியில் விரித்துப் போட்டேன். ஜன்னல் வெயில் அதில் விழுந்து மேலே எழும்பியது. கன்னத்துச் சுருக்கங்கள் மெல்லத் தெரியத் தொடங்கின. கண்ணில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வந்தது. அந்தப் புள்ளி வந்ததும்தான் அவர் உயிரோடு என் எதிரில் இருப்பது போல் இருந்தது. அவர் தலைநிமிரவே இல்லை, நூலைக் கோர்த்து முடித்தார்.

ரிஃப்ளெக்டர் செய்வது அவ்வளவுதான். ஆளுக்குப் பின்னாலிருந்து வரும் அதே வெளிச்சத்தைத் திருப்பி முகத்துக்கு அனுப்புகிறது. வெளிச்சம் ஒன்றே என்பதால் நிறம் பொருந்திப்போகும். மாலை வெயில் மஞ்சளாக இருந்தால் முகத்துக்கு வருவதும் மஞ்சளாகவே வரும். எவ்வளவு வருகிறது என்பதை எடுப்பதற்கு முன்பே கண்ணால் பார்க்கலாம். பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

மடக்கு ரிஃப்ளெக்டர்களில் வெள்ளை, வெள்ளி, தங்கம் என்று பல பக்கங்கள் இருக்கும். வெள்ளை மென்மையானது, ஆனால் பக்கத்தில் பிடிக்கவேண்டும். ஒரு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. வெள்ளி தூரம் போகும், பலம் அதிகம், கண்ணைக் கூசச்செய்யும். தங்கத்தை மாலை வெயிலைத் தவிர வேறு நேரத்தில் நான் தொடுவதில்லை. மதியத்தில் அது முகத்துக்கு மஞ்சள் பூசிவிடும்.

குறைகளைச் சொல்லவேண்டும். பிடிக்க ஒரு ஆள் வேண்டும், நீங்களே பிடித்துக்கொண்டு எடுத்தால் கோணம் நழுவும். காற்றடித்தால் அது பாய்மரம். தரையிலிருந்து மேல்நோக்கி அடித்தால் மூக்குக்கு மேல் நிழல் விழுந்து முகம் விகாரமாகும். பாட்டி குனிந்திருந்ததால் மடிப் போர்வை சரியாக வந்தது, நிமிர்ந்திருந்தால் மார்பு உயரத்துக்கு ஏற்றிப் பக்கவாட்டில் சாய்த்திருக்கவேண்டும். வெள்ளிப் பக்கத்தின் எதிரில் இரண்டு நிமிடம் நின்றவர்கள் கண்ணைச் சுருக்கத் தொடங்குவார்கள். பத்துப் பேர் வரிசையாக நின்றால் ஒரு ரிஃப்ளெக்டர் ஓரத்தில் இருக்கும் இரண்டு பேருக்குத்தான் எட்டும்.

வாங்குவதற்கு முன் சுற்றிப் பாருங்கள். வெளிறிய சிமெண்ட் தரை, வெள்ளைச் சுவர், எதிரில் நிற்கும் உங்கள் வெள்ளைச் சட்டைகூட ரிஃப்ளெக்டர்தான். புல்தரை மட்டும் தாடைக்கடியில் பச்சை ஏற்றும்.

## வழி 4: ஃபில் ஃப்ளாஷ்

இடைவெளி 5 ஸ்டாப், பின்னணி அவசியம் வேண்டும், முகமும் வேண்டும் என்றால், முகத்தின் நிழலை நிரப்பும் ஃப்ளாஷ்தான். இதன் பெரிய பலம், முகமும் வானமும் தனித்தனிக் குழாய்களாகப் பிரிந்துவிடுவது. ஷட்டர் வேகத்தை மாற்றினால் வானம் மட்டும் கூடிக் குறையும். ஃப்ளாஷின் பலத்தை மாற்றினால் முகம் மட்டும் கூடிக் குறையும். துளையும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் தொடும். முதலில் ஃப்ளாஷ் இல்லாமல் வானத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு முகத்துக்கு ஃப்ளாஷைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தானியங்கி ஃப்ளாஷ் என்றால் –1 அல்லது அதற்குக் கீழே வையுங்கள். முழுப் பலத்தில் அடித்தால் ஆளை வெட்டி ஒட்டியது போல் இருக்கும்.

சிக்கல் ஒத்திசைவு வேகத்தில் வரும். நிறைய கேமராக்களில் ஃப்ளாஷோடு சேர்ந்து போகும் உச்ச ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 (துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), 1/125 என்பது பழைய கணக்கு. அதன்படி 1/250-க்கு எஃப்/11 வருகிறது. பின்னணி மங்கலாக வேண்டும் என்று எஃப்/2.8-க்குப் போனால் 1/4000 தேவைப்படும். சாதாரண ஃப்ளாஷ் அங்கே வராது. ஹை ஸ்பீட் சிங்க் (அதைவிட வேகமான ஷட்டரோடும் சேர்ந்து எரியும் வசதி) உள்ள ஃப்ளாஷ் வாங்கலாம், ஆனால் அந்த முறையில் அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். இல்லாவிட்டால் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டவேண்டும். கடைக்காரர் ஃப்ளாஷின் விலையை மட்டும் சொல்வார். இவையெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேரும்.

தூரமும் கணக்கில் வரும். ஒரு மீட்டரில் கிடைத்த வெளிச்சம் 2 மீட்டரில் கால் பங்கு, 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. கேமராவின் தலையிலேயே இருக்கும் குட்டி ஃப்ளாஷ் வெயிலுக்கு எதிராகச் சில அடிக்கு மேல் தாங்காது. நிறமும் பொருந்தாது. ஃப்ளாஷ் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின், நடுப்பகல் வெயிலின் நிறம். மாலையின் செம்மஞ்சளுக்கு எதிரில் அது நீலம் பாய்ந்து தெரியும். அதன் வாயில் ஒரு ஆரஞ்சு ஜெல்லை (ஒளி ஊடுருவும் நிறத்தாளை) ஒட்டினால் சரியாகும். பின்னால் கண்ணாடி ஜன்னல் இருந்தால் ஃப்ளாஷ் அதில் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். நேராக நிற்காமல் சாய்வாக நின்று எடுங்கள்.

## வழி 5: பிறகு எடிட்டிங்கில் தூக்குவது

வானம் வெளுத்துப்போகாமல் ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்துவிட்டு, வீட்டில் நிழல்களை ஏற்றுவது. 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள், வழக்கமான படக் கோப்பான ஜேபெக்கில் 256. இருட்டில் ஒளிந்திருக்கும் விவரத்தை வெளியே எடுக்க ரா இடம் கொடுப்பது அதனால்தான். 2 ஸ்டாப் ஏற்றுவது சுலபம், 3 பெரும்பாலும் பரவாயில்லை. 4-க்குப் போனால் கன்னத்தில் நாய்ஸ் (புள்ளிப் பிசிறு) மணல் மாதிரி தெரியும், தோலின் நிறம் சாம்பல் தட்டும், தலையைச் சுற்றி ஒரு போலி ஒளிவட்டம் வரும்.

போனின் எச்டிஆர் பல ஃப்ரேம்களைச் சேர்த்து இதையே தானாகச் செய்கிறது. அசையாமல் இருப்பவருக்குப் பல நேரம் போதுமானது. ஓடும் குழந்தையின் கை இரண்டாகத் தெரியலாம்.

எனக்கு இதில் இருக்கும் மனத்தாங்கல் வேறு. எடிட்டிங் வெளிச்சத்தைக் கூட்டும், ஆனால் வெளிச்சம் வராத திசையிலிருந்து அதை வரவைக்காது. கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளி இருக்காது. முகம் தெரியும், தட்டையாகத் தெரியும். நேரமும் போகும்: ஒரு படத்துக்கு 5 நிமிடம் என்றால் 200 படங்களுக்கு 16 மணி நேரத்துக்கு மேல்.

| வழி | தாங்கும் இடைவெளி | துணைக்கு ஆள் | அசைபவருக்கு | எங்கே கடிக்கும் |
|---|---|---|---|---|
| முகத்துக்கு வைப்பது | எதுவும், பின்னணி போகும் | வேண்டாம் | நன்று | வெண்புகை, ஃபோகஸ் தடுமாற்றம் |
| சில்லவுட் | அதிகம் இருந்தால் நல்லது | வேண்டாம் | பரவாயில்லை | முகம் திரும்ப வராது |
| ரிஃப்ளெக்டர் | 3–4 ஸ்டாப் | வேண்டும் | கஷ்டம் | காற்று, கண்கூச்சம் |
| ஃபில் ஃப்ளாஷ் | 5-க்கு மேலும் | கேமராவில் இருந்தால் வேண்டாம் | நன்று | ஒத்திசைவு, ஜெல், பேட்டரி |
| எடிட்டிங் | 3 வரை | வேண்டாம் | ரா நன்று, எச்டிஆர் சிரமம் | நேரம், தட்டையான முகம் |

## இரண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்

சில்லவுட்டா, முகமா என்று தவிப்பவர்களுக்கு: இரண்டையும் எடுங்கள். டயலை இரண்டு திருப்பு திருப்புவதுதான் வேலை.

ரிஃப்ளெக்டரா, ஃப்ளாஷா என்றால், நீங்கள் பெரும்பாலும் எத்தனை பேரை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒருவர் இருவர், பக்கத்தில், ஓரிடத்தில் என்றால் ரிஃப்ளெக்டர். கூட்டம், தூரம், ஓட்டம், தனியாகப் போய் எடுப்பது என்றால் ஃப்ளாஷ். இரண்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ரிஃப்ளெக்டரில் ஆறு மாதம் பழகினவருக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தால் முகம் எப்படி மாறும் என்பது கைவந்துவிடும். அதற்குப் பிறகு ஃப்ளாஷை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃப்ளாஷா, எடிட்டிங்கா என்று கேட்பவர்கள் இடைவெளியை அளந்துவிட்டுக் கேளுங்கள். 3 ஸ்டாப்புக்குள் என்றால் ரா ஃபைலே போதும், சுமந்துகொண்டு அலையவேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால், இடத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரை 45 பாகை திருப்பினால் ஒரு கன்னத்துக்கு ஜன்னல் வெளிச்சமே கிடைத்துவிடும். ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிட்டால் இடைவெளி சற்றுக் குறையும். மாலையில் சூரியன் மறையும்வரை காத்திருந்தால் வானமும் முகமும் தாமாகவே நெருங்கி வரும்.

வீடியோவுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஃப்ளாஷ் அங்கே கிடையாது, ரா வீடியோ எல்லாக் கேமராவிலும் வராது. ரிஃப்ளெக்டரோ, தொடர்ந்து எரியும் எல்ஈடி விளக்கோதான். மடிக்கணினியில் பேசும்போது ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், விளக்குத் தேடுவதற்கு முன் மேசையை அரைச்சுற்று திருப்பிப் போடுங்கள். முதுகில் இருந்த ஜன்னல் எதிரில் வந்துவிடும்.